அரை டம்ளருக்குப் பிறகு

வலி மாத்திரையை நிறுத்திய பிறகு பல மாதங்கள் நான் குடிக்கவில்லை. சபதம் எதுவும் எடுக்கவில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இடுப்பில் டிஸ்க் விலகி, ஓராண்டுக்கு மேல் டாக்டர் எழுதிக் கொடுத்த பலமான மாத்திரையில்தான் என் பிழைப்பு ஓடியது. பிறகு அவர் சொன்னபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். அப்படியும் அது சும்மா விடவில்லை. ஓயாத கொட்டாவி, வியர்வை, படுத்தால் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற தவிப்பு. சில வாரங்களில் எல்லாம் அடங்கி வேலைக்குத் திரும்பினேன். இனி பழைய ஆள்தான் என்று நினைத்தேன்.

வெள்ளானூரில் மச்சான் வீடு கட்டிக் குடிபோனான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனும் நானும்தான். எவ்வளவு குடித்தாலும் நாக்கு குழறாதவன் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவனுக்கு என்னைவிடப் பெருமை. பூஜை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஆண்கள் மொட்டை மாடிக்குப் போனோம். எனக்கென்று ஐஸில் புதைத்து வைத்திருந்த பீரை அவனே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான்.

அரை டம்ளர்தான் உள்ளே போயிருக்கும். முகம் அடுப்பருகே நிற்பதுபோல் எரிந்தது. காதுக்குள் நெஞ்சு அடித்தது. வழக்கமாக வரும் அந்த மெல்லிய மிதப்பு வரவே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் காரணமில்லாத ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா மாமா, அரை டம்ளருக்கே ஆட்டம் காட்றே? சீன் போடாதே,” என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு மேலே வந்த என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ வரவழைத்து, காட்டுப்பாக்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

அடுத்த இரண்டு நாளும் கால் தவிப்பு திரும்ப வந்தது. இடுப்பு பழையபடி குடைந்தது. எதிலும் ருசியில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் இரண்டாம் நாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று, போனில் பழைய மருந்துச் சீட்டின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடுகிறேன் என்பதே கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் கட்டையை வைத்துவிட்டுத் திரும்பினாள். “மாத்திரைய வுட்டப்போ நீ பட்ட பாட்ட கூட இருந்து பார்த்தவ நான். இன்னொரு தபா என்னால பாக்க முடியாது,” என்றாள். அழவில்லை. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. இப்படித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இந்த மாத்திரையில் நெடுநாள் இருந்த உடம்பு, நிறுத்திய பிறகும் நிதானத்துக்கு வர நாளாகலாம். அதுவரை குடி வேறு மாதிரி ஏறலாம், பழைய மாத்திரை ஆசையையும் கிளப்பிவிடலாம். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. குடித்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம் என்றார். அப்படியென்றால் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றார்.

 வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி இல்லை. பாதி இல்லை, விசேஷத்துக்கு மட்டும் இல்லை, ஒரு வாய்கூட இல்லை.

முடிவு செய்தது சுலபம். மச்சானிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நேரில் போய்ச் சொன்னேன்.  “அப்போ நான் யாரோட உக்கார்றது?” என்றான். என்னோடுதான், நான் குடிக்காமல் உட்காருவேன் என்றேன். அவனுக்கு அது சமாதானமாகவில்லை. அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் கூப்பிடவில்லை. வலித்தது. ஆனாலும் அவனுக்காக ஒரு வாய் குடிக்க மனம் இடம் கொடுக்கவில்லை. அவன் கூப்பிடாவிட்டாலும் நானே போனேன். டீ குடித்துவிட்டு, அவன் மகளோடு கேரம் ஆடிவிட்டுத் திரும்பினேன்.

அந்த மகளுக்குக் காதுகுத்து வந்தது. மறுபடி அதே மாடி. உறவில் ஒருவர் எனக்கு எலுமிச்சை ஜூஸ் என்று ஒரு டம்ளரை நீட்டினார். வாய்க்குக் கொண்டுபோகும்போதே பிராந்தி வாடை அடித்தது. கீழே வைத்தேன். “ஜூஸ் தானே, குடிங்க,” என்றார் அவர், மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

மச்சான் எழுந்து வந்தான். டம்ளரை எடுத்து முகர்ந்தான். சுவருக்கு வெளியே கவிழ்த்தான். “அவுரு வேணான்னா வேணாம். என் ஊட்ல இந்த வேல வெச்சிக்காத,” என்றான் நிதானமாக. அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

போன மழைக்காலத்தில் ஆவடி பக்கம் பைக் வழுக்கி அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எனக்குத்தான் போன் செய்தான். வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். “மாமா, இதத்தானே நீ சாப்ட்டே? பயமா கீது,” என்றான்.

உடனே கிளம்பிப் போனேன். வலியோடு கிடக்காதே, டாக்டர் சொன்ன அளவு சாப்பிடு, அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை ஒரு சொட்டுகூடக் குடிக்காதே என்றேன். குளிர்பெட்டியிலிருந்த பாட்டில்களைத் தன் தங்கை புருஷனிடம் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னான். அடுத்த முறை அவனை டாக்டரிடம் அழைத்துப் போனது நான்தான். இதை எப்போது, எப்படி நிறுத்துவது என்று அவன் வாய் திறப்பதற்கு முன்னால் நானே கேட்டேன்.