மாடிக்குப் போன பாத்திரங்கள்

ரெபேக்காள் வீட்டில் பாத்திரம் குறைந்துகொண்டே வந்தது. திருடன் வந்திருந்தால் ஒரேயடியாக அள்ளிக்கொண்டு போயிருப்பான். இது அப்படியில்லை. இன்றைக்கு ஒரு கிண்ணி, நாளன்றைக்கு ஒரு தூக்கு, அடுத்த வாரம் மூடி போட்ட சம்படம் என்று ஒவ்வொன்றாக மாடிப்படி ஏறிப் போனது. போனது போனதுதான், ஒன்றுகூடத் திரும்பி இறங்கவில்லை. கடைசியில் புருஷனுக்கு நாஸ்தா கட்ட டப்பா இல்லாமல், ஊறுகாய் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி அதில் இட்லியை அமுக்கிக் கொடுத்தாள். ஆபிரகாம் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போன் போட்டான்.

"இன்னாமே, இட்லி மாங்கா ஊறுகா வாசன அடிக்குது."

"அடிக்கட்டும். தனியா தொட்டுக்க வேணாம் பாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

எல்லாம் மாடியில் குடியிருக்கிற டீச்சரால் வந்த பேஜாரு. ஆனால் டீச்சரைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரெபேக்காள் பிறந்தது அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு காலனியில். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவன் கழனியில் கூலிக்கு நின்றவர்கள். அவள் பத்தாவது வரைக்கும் படித்தாள், ஆபிரகாமைக் கட்டிக்கொண்டு, கொஞ்ச காலம் மறைமலைநகரில் வாடகைக்கு இருந்துவிட்டு முட்டுக்காட்டுப் பக்கம் வந்தாள், ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்பும் துண்டும் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்து, இப்போது அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசராக இருக்கிறாள். முதலில் கீழ்வீட்டைக் கட்டினார்கள். மகன் சாம் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும் மேலே ஒரு போர்ஷன் எழுப்பினார்கள். புது டைல்ஸ், புது பெயிண்ட், சன்னலைத் திறந்தால் கடல் காற்று. எல்லாம் இருந்தது, குடிவர ஆள்தான் இல்லை.

பார்க்க வராமல் இல்லை. வருகிறவர்கள் பாத்ரூமைப் பார்ப்பார்கள், தண்ணீர் உப்பா என்று கேட்பார்கள், பால்கனியில் நின்று மூச்சை இழுத்து விடுவார்கள். அப்புறம் மெதுவாக, "உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க? ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். மறைப்பது ரெபேக்காளுக்குப் பழக்கமில்லை. "காலனிங்க" என்பாள். "வூட்ல கலந்துகினு சொல்றோம்" என்று செருப்பை மாட்டுவார்கள். மகராசர்கள் இன்னும் கலந்துகொண்டே இருக்கிறார்கள்.

இப்படி இருக்கையில்தான், ஆடி மாதத்தில், ஒருத்தரும் வீடு மாறாத மாதத்தில், மரிசெல் வந்து நின்றாள். பிலிப்பைன்ஸ்காரி. கடலோர ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் இங்கிலீசும் சொல்லித்தர வந்தவள். அந்த மாதிரிப் பள்ளிக்கூடங்களில் ஆகஸ்டில்தான் வகுப்பு ஆரம்பிக்கும். அவர்களுக்கு ஆடியாவது ஆவணியாவது. அதே பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிற பூங்கொடி இந்தத் தெருக்காரி, அவள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். மரிசெல் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இங்கே மீன் சமைக்கலாமா என்றாள். ரெபேக்காள் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

குடிவந்த அன்று சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனபோது, மாடிப்படியில் உட்கார்ந்து அந்தப் பெண் போனைப் பார்த்து அழுவதை ரெபேக்காள் பார்த்தாள். போனுக்குள் யாரோ வயதான அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். நேராக உள்ளே போய், சோறும் சங்கரா மீன் குழம்பும் ஒரு தூக்கில் போட்டு எடுத்துப்போய்க் கதவைத் தட்டினாள். மரிசெல் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து வணங்கினாள். அதிலிருந்து பழகிவிட்டது. வீட்டில் எது செய்தாலும் ஒரு பங்கு மேலே போகும்.

இங்கேதான் சிக்கல். அண்டை வீட்டுக்குப் பாத்திரம் நிறைந்து போனால் கழுவித் திரும்பி வர வேண்டும். வெறுமனேயும் வரக்கூடாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது அடியில் கிடக்க வேண்டும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை, பார்த்துப் பார்த்து வருவது. மேலே போனவை சாதாரணப் பாத்திரமும் இல்லை. கல்யாணத்துக்கு அவள் அப்பா மதுராந்தகத்தில் வாங்கி, ஒவ்வொன்றிலும் 'ரெபேக்காள்' என்று பெயர் வெட்டிக் கொடுத்தவை.

"மேல போய் கேட்டு வாங்கிகினு வாயேன். இதுல இன்னா கீது?" என்றான் ஆபிரகாம்.

"நீ சும்மா இருயா. குடுத்தத கேட்டு வாங்கற ஆளா நானு?"

அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. முன்பு மறைமலைநகரில் வாடகைக்கு இருந்தபோது ஒரு கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்பினாள். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். மறுநாள் பால்காரர் மாட்டுக்கு முன்னால் அந்த முறுக்கு கிடந்தது. கிண்ணி காம்பவுண்டுச் சுவர்மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கையில் கொடுக்கக்கூட மனசு வரவில்லை அவர்களுக்கு. அன்றைக்கு அவள் அந்தக் கிண்ணியை எடுத்து வந்து புளி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

அதனால் மாடிக்குப் போன பாத்திரம் திரும்பாதபோது அவளுக்குப் பாத்திரம் போன கவலை இல்லை. இவளும் சாப்பிடவில்லையோ, யாரோ எதையோ சொல்லிக்கொடுத்துவிட்டார்களோ, குழம்பைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தை எப்படித் திருப்புவது என்று முழிக்கிறாளோ என்பதுதான் கவலை. கடல் தாண்டி வந்தவளும் அப்படித்தான் என்றால் அப்புறம் இந்த மாடியைக் கட்டியே பிரயோஜனமில்லை என்று தோன்றியது. ரிசார்ட்டில் துண்டு மடிக்கும்போதெல்லாம் இதே நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி வந்து எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள். "யக்கா, ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே ஒரு ரூம் காலி கீதாம். மிஸ்ஸுக்குத் தரேன்னு பெரிய மேடம் சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"போவட்டும். நானா கையப் புடிச்சிகினு கீறேன்?" என்றாள் ரெபேக்காள். அன்றோடு மேலே சாப்பாடு அனுப்புவதை நிறுத்தினாள். நிறுத்தினாளே தவிர, கருவாட்டுத் தொக்கு கிளறும்போது கை தன்னால் மூன்று பேருக்குக் கிளறியது. மிஞ்சியதை ஆபிரகாம் இரண்டு வேளை சாப்பிட்டு நெஞ்சு எரிகிறது என்றான்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு வந்து புடவைகூட மாற்றவில்லை, மரிசெல் படியில் நின்று, "அக்கா, கேஸ்" என்றாள். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டத் தெரியவில்லை. கோபமாக இருந்தால் என்ன, அடுப்பு எரியாமல் விடமுடியுமா? ரெபேக்காள் விறைப்பாகவே மேலே போனாள். வீட்டைக் கொடுத்ததிலிருந்து அவள் அந்தச் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. குடியிருப்பவர் வீட்டுக்குள் ஓனர் மூக்கை நுழைக்கக்கூடாது என்பது அவள் கொள்கை.

ரெகுலேட்டரை அழுத்தித் திருகி, அடுப்பைப் பற்றவைத்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர் சுவரில் புதுசாக ஒரு பலகை அடித்திருந்தது. அதன்மேல் அவளுடைய பாத்திரம் எல்லாம் இருந்தது. தூக்கு, சம்படம், கிண்ணிகள், டிபன் பாக்ஸ். ஒவ்வொன்றும் பளபளவென்று தேய்த்து, பெயர் வெட்டிய பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தது. ரெபேக்காள், ரெபேக்காள், ரெபேக்காள் என்று சுவர் முழுக்க அவள் பெயர். கல்யாண வீட்டில்கூட அவளுக்கு இத்தனை மரியாதை நடந்ததில்லை.

மரிசெல்லுக்குத் தெரிந்த தமிழையும் ரெபேக்காளுக்குத் தெரிந்த ரிசார்ட் இங்கிலீசையும் சேர்த்தால் எப்படியோ ஒரு பாஷை தேறும். "கிஃப்ட்" என்றாள் மரிசெல், பெருமையாக. "யுவர் நேம். பூங்கொடி படிச்சு சொல்லிச்சு. எங்க அம்மாக்கு போட்டோ அனுப்பிச்சேன்." பிறகு முகம் வாடிப்போய், "அக்கா இப்ப சாப்பாடு இல்ல. மீ பேட்?" என்றாள்.

"அந்தக் கொழம்பு... நீ சாப்டியா?" என்று ரெபேக்காள் கேட்டாள்.

மரிசெல்லுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. சாப்பிடாமல் வேறு என்ன செய்வார்கள் என்கிற மாதிரி பார்த்தாள். கையை வழித்து நக்கிக் காட்டினாள். தன் ஊரிலும் புளி போட்டுத்தான் மீன் சமைப்போம், கருவாடும் உண்டு, அந்த வாசனை வந்த அன்றைக்குத்தான் இந்த ஊரில் தூக்கம் வந்தது என்று கையும் காலும் ஆட்டிச் சொன்னாள். ரெபேக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் மரிசெல் பயந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், அதுவும் 'ரெபேக்காள்' என்று வெட்டின டம்ளரில்.

இவ்வளவு ஆன பிறகு, இதெல்லாம் திருப்பித்தர வேண்டிய பாத்திரம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே கீழே இறங்கினாள். நேராகப் பூங்கொடி வீட்டுக்குப் போய் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நான் குடுத்துகினே கீறேன், கிஃப்டுன்னு நீயா சொல்லிவுட்ட?"

"யக்கா, மிஸ் எழுத்தக் காட்டி இன்னான்னு கேட்டாங்க. உன் பேருன்னேன். எங்க வூட்டு மொய்ப் பாத்திரத்துல எல்லாம் குடுத்தவங்க பேருதான் கீது. பேரு வெட்டிக் குடுத்தா அன்பளிப்புன்னு தான நெனப்பாங்க? நானும் அப்டிதான் நெனச்சேன். ஓனரம்மாவுக்கு இம்மாம் பெரிய மனசான்னு தெரு பூரா சொல்லிகினு கீறேன்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ரெபேக்காள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் கலகலவென்று சத்தம். பூங்கொடி விஷயத்தை உடைத்துவிட்டாள் போலிருக்கிறது. மரிசெல் துணிக்கூடையில் எல்லாப் பாத்திரத்தையும் அடுக்கித் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "சாரி அக்கா, சாரி" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வெறும் பாத்திரம் தரக்கூடாது என்பதையும் பூங்கொடி சொல்லியிருக்க வேண்டும். ஒரு சம்படத்தில் சர்க்கரை. ஒரு கிண்ணியில் ஒரு வெங்காயம். இன்னொன்றில் பிஸ்கட். டிபன் பாக்ஸில் இரண்டு உருளைக்கிழங்கு. டம்ளரில் பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த மிட்டாய். வீட்டில் இருந்ததை எல்லாம் துடைத்துப் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். ஆபிரகாம் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

ரெபேக்காள் சிரித்தாள், ஆனால் உள்ளே திக்கென்றது. கணக்கைத் தீர்த்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி அல்லவா இருக்கிறது இது? அந்த ரூம் என்ன ஆயிற்று என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மாடியில் அந்தப் பலகை இப்போது காலியாக இருக்கும் என்று நினைத்தாள். பாத்திரம் எல்லாம் திரும்பி வந்தும் அவளுக்குச் சமையலறையே வெறிச்சென்று இருந்தது.

மாசக் கடைசி வந்தது. சனிக்கிழமை காலையில் மரிசெல்லும் பூங்கொடியும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனார்கள். பெட்டி வாங்கத்தான் போகிறாள் என்று ரெபேக்காள் முடிவு கட்டினாள். அன்றைக்கு அவள் குழம்பில் உப்புப் போட மறந்ததை ஆபிரகாம் சொல்லிக்காட்டவில்லை.

சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். மரிசெல் நின்றாள், கையில் ஒரு புதுத் தூக்கு. மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது, ரசத்தில் இறாலையும் கீரையையும் போட்டமாதிரி ஒரு சமையல், புளி வாசனை தெருவைத் தூக்கியது. ரெபேக்காள் அதையா பார்த்தாள்? தூக்கின் வயிற்றில் புதுசாக வெட்டின எழுத்து மின்னியது. மரிசெல் என்று தமிழில்.

"வூட்ட வுட்டுப் போறவ யாராச்சும் பாத்திரத்துல பேரு வெட்டுவாளா?" என்றான் ஆபிரகாம், பின்னாலிருந்து.

"ரூம்?" என்றாள் ரெபேக்காள். அப்போதுதான் வாய் வந்தது.

"நோ சொல்லிட்டேன். அங்க எல்லாம் மெஸ் சாப்பாடு" என்றாள் மரிசெல். "யாரும் கதவு தட்ட மாட்டாங்க."

தூக்கில் இருந்ததை அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் வழித்துச் சாப்பிட்டார்கள். ரெபேக்காள் தூக்கைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். வைத்தவள் திருப்பிக் கொடுக்கவில்லை. வெறும் தூக்கைக் கொடுக்க முடியாது, ஏதோ ஒன்றையும் போட்டுக் கொடுக்க மனசில்லை, நல்ல வஞ்சிரம் கிடைக்கட்டும் என்று கோவளத்து மீன்காரியிடம் சொல்லி வைத்திருந்தாள். மீன் வர நாளானது.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில், தலைகூடக் காயாமல், மரிசெல் படியிறங்கி வந்து வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள். பூங்கொடி சொல்லிக்கொடுத்த தமிழ், அவள் மாதிரியே இழுத்தாள்.

"இன்னாக்கா, என் தூக்கு எங்க?"

குடுத்ததைக் கேட்டு வாங்கக்கூடாது என்கிற ரெபேக்காளுக்கு, அந்தக் கேள்வி காதில் தேனாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து ஒருத்தரும் தன் பாத்திரத்தைக் கேட்டதில்லை. கேட்பதற்கு முதலில் யாராவது கொடுத்திருக்க வேண்டுமே.

"இன்னாடி அவசரம் உனுக்கு?" என்றாள், அடுப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே. "கொழம்பு கொதிச்சிகினு கீது. ஒக்காரு."