ஒன்பதாவது இடம்

பேச்சியம்மாள் இறந்துவிட்டார் என்ற செய்தியை, நம் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து குருசாமி தொலைபேசியில் சொன்னார். "அக்கா வீட்டுக்கு எத்தனை படி?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "வாங்கக்கா, பாத்துக்கலாம்" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சக்கர நாற்காலியில் இருப்பவளிடம் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. அன்பாகத்தான் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு வாசலில் நின்று யோசிப்பார்கள். அன்றும் தெருவிலிருந்தே பேச்சியக்காவுக்கு விடைகொடுத்தேன். அவர் ஒருநாளும் எனக்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பைண்டிங் பகுதியில் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாய் தெரியும்.

காலண்டர் சீசன் முடிந்து, தை மாதத்தில் நாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைக்குப் போனோமே, அந்த வருடம். பிழைதிருத்தும் மேசையில் இருந்த என்னிடம் வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் பேச்சியக்கா என் முன்னால் வந்து நின்றார். முந்தின நாள் தனியாகப் பஸ் பிடித்துப் போய், அந்தப் பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"எட்டு எடத்துல நாற்காலியோட தூக்கணும். ஒதுங்க மறைவு இருக்கு. ஒம்பதாவது எடம் அருவிக்கு ஏறுத பாறை. அங்கன ஒன்னால வர முடியாது. வாரியா?"

முடியாது என்ற சொல் எனக்கு அவ்வளவு நிம்மதியைத் தரும் என்று நினைத்ததில்லை. வருகிறேன் என்றேன்.

முதல் ஏற்றத்தில் குருசாமி, "காலண்டர் பண்டலத் தூக்குதவனுக்கு இவுக ஒரு வெயிட்டா?" என்று குனிந்தார்.

"ஏலே, பண்டலு வலிக்குன்னு சொல்லாது. அவகிட்டக் கேட்டுத் தூக்கு" என்றார் பேச்சியக்கா.

ஒன்பதாவது இடத்தில், அவரே நிழலாகப் பார்த்து என்னை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். எனக்காக அங்கேயே இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். என் பொருட்டு மற்றவர்கள் விட்டுக்கொடுத்த சந்தோஷங்களின் மேல் உட்கார்ந்தே வளர்ந்தவள் நான்.

"நீங்களும் போங்கக்கா."

"போகாம? ஒனக்காவ இருந்தேன்னா அடுத்த வருசம் நீ வர மாட்ட."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் தனியாக இருந்தேன். அதற்கு முன் யாரும் என்னை வெளியிடத்தில் தனியாக விட்டதில்லை. தண்ணீர் விழும் சத்தமும் நடுநடுவே உங்கள் கூச்சலும் கேட்டன. கையில் ஊர்ந்த எறும்பை நானே தட்டிவிட்டேன். யாரும் பதறி ஓடி வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னும் ஏங்குகிறேன்.

இறங்கி வந்தவர்களிடம் அருவி எப்படி என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லக்கா" என்றார்கள். என் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய். பேச்சியக்கா தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லா இருந்துச்சு. நீ பாக்கலியேன்னு இருந்துச்சு" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு வாக்கியங்களைத்தான். வருகிற தையிலும் நான் உங்களோடு மலைக்கு வருவேன். அருவிக்கு ஏறிப் போங்கள். நான் கீழே இருந்துகொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கும். அவர் பார்க்கவில்லையே என்றும் இருக்கும்.