வெறுங்கொடுக்கு

நண்டுச் சதை பிரிக்கும் கூடத்தில் அவருக்கு ஊசி என்று பெயர். கொடுக்கின் ஓட்டைத் தட்டி உடைத்து, மெல்லிய கத்தியை விட்டு, உள்ளிருக்கும் சதையை இழை பிசகாமல் முழுசாக உருவிவிடுவார். உடம்புச் சதையை மற்ற மேசைகள் பார்த்துக்கொள்ளும். கொடுக்கு முழுவதும் அவர் மேசைக்குத்தான். வேலை வாங்கிக் கொடுத்தவர் மனைவியின் அண்ணன், அங்கே மேற்பார்வையாளர். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க மச்சான் விட்டதும் இல்லை.

அந்தப் பருவத்து நண்டுகள் பார்க்கக் கொழுகொழுவென்றிருந்தன. உடைத்தால் கொடுக்குக்குள் தண்ணீரும் சுருங்கிய நாரும்தான். எடை போட்டு உள்ளே வந்த கொடுக்குக்கு ஏற்ற சதை வெளியே போகவில்லை.

"சதை எங்கே மாப்ள?"

"உள்ளேயே இல்ல மச்சான்."

"சதையே இல்லாமத்தான் நண்டு கூடையைக் கடிச்சுத் தொங்கிட்டு வந்துச்சா?"

பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று முதல் வாசலில் அவர் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். வேலை போனால் போகட்டும். திருடன் என்ற பெயரோடு மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரை அரித்தது. மச்சான் அவளிடம் எல்லாம் சொல்லியிருப்பார். இருந்தும் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தெம்பில்தான் அவரால் தினமும் வேலைக்குப் போக முடிந்தது.

முதலாளி கடைசியில் சில கொடுக்குகளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு அம்மா நேரிலேயே வந்தார்.

"இதெல்லாம் தோலுரிக்கப் போற நண்டுங்க. பழைய ஓட்டை விட்டு வெளியே வரணும்னா இவ்ளோ பெரிய கொடுக்குச் சதைய இந்தச் சின்ன மூட்டு வழியா இழுக்கணும். அதுக்காக சதைக்குள்ள இருக்கிற நொதியே வேகமா வேலை செஞ்சு சதையக் கரைச்சிடும். இதுல அந்த வேகம் ரொம்ப அதிகம். கரைஞ்ச இடத்துல தண்ணி. அதான் எடை காட்டுது."

"அப்போ நண்டே தன்னைத் தின்னுடுச்சா!" என்றார் முதலாளி. கூடமே சிரித்தது. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

மச்சான் அவர் தோளில் கை போட்டார். "மனசுல வச்சுக்காத மாப்ள. யார் என்ன பேசினாலும் என் தங்கச்சி உன்னை விட்டுக் கொடுக்கல. 'அவர் எடுக்கலண்ணா, அடுப்படியிலேர்ந்து பரண் வரைக்கும் தேடிப் பாத்துட்டேன், எதுவும் இல்ல'ன்னு அடிச்சுச் சொன்னா. குடுத்து வச்சவன்யா நீ."

வீட்டுக்குச் செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் அப்பவே சொன்னேனே! கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவர் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"முட்டி வலின்னு சொல்லுவியே. பரண்ல எப்படி ஏறின?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதிர் வீட்டு அக்காவத்தான் ஏறிப் பாக்கச் சொன்னேன்" என்றாள்.