ஒன்பதாம் மாடிக் கண்ணாடி

ராஜேந்திரனுக்கு உயரம் என்றால் துளியும் பயம் கிடையாது. எம்.ஜி. ரோட்டில் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு வெளியே, இரண்டு கம்பிவடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டியில் நின்றுகொண்டு ஹாயாக விசில் அடிப்பான். அவனுடைய பயமெல்லாம் தரையில்தான். அதுவும் ஒரே ஒருத்தியிடம்.

அந்தத் தொட்டிக்கு எங்கள் பாஷையில் ஜூலா. அதில் நின்று கண்ணாடி துடைப்பது அவன். மொட்டை மாடியில் இருந்து அதை ஏற்றி இறக்குவது நான், அர்ஜுனன். 1997-இல் அந்த ரோட்டில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்களைக் கையில் பிடிக்க முடியாது.

மௌரீன் ஏழாம் மாடிக் கம்பெனியில் ரிசப்ஷனிஸ்ட். அவளுக்கும் இவனுக்கும் வீடு விவேக் நகர், ஒரே பஸ். இரண்டு வருஷத்தில் இவன் அவளிடம் பேசியது ஒன்றே ஒன்று: "பஸ் லேட்டு." பஸ் சரியாக வந்த நாளிலும் இந்த மடையன் அதையே சொன்னான். ஜூலா ஏழாம் மாடிக்கு இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பான். அந்த மாடிக் கண்ணாடி மட்டும் எப்போதும் கோடு கோடாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில், அடுத்த வாரக் கடைசியில் ஓசூரிலிருந்து தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவள் தோழியிடம் சொன்னது இவன் காதில் விழுந்தது. திங்கட்கிழமை கண்கள் சிவக்க வந்து நின்றான்.

"டேய் அர்ஜுனா, இந்த வாரம் சொல்லியே ஆவணும்டா. ஒம்போதாவது மாடி காலியாத்தானே கெடக்கு? அங்க பத்து நிமிஷம் நிறுத்து. ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்கறேன்."

நிறுத்தினேன். பகலில் அந்தக் கண்ணாடி வெளியே நிற்பவனுக்கு அவன் முகத்தைத்தான் காட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் வெளியே நடப்பது எல்லாம் தெரியும். ராஜேந்திரன் சீப்பை எடுத்துத் தலை வாரினான். பல்லைப் பார்த்துக்கொண்டான். கையை நெஞ்சில் வைத்து என்னவோ சொன்னான், தலையை ஆட்டினான், திரும்பவும் சொன்னான். ஒரு கட்டத்தில் மண்டியே போட்டுவிட்டான். ஜூலா ஆடியது. மேலே நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு கறை இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல இரண்டு கைகளாலும் வெயிலை மறைத்துக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினான். ஒரு சாண் தூரத்தில் மௌரீனின் முகம். அவளுக்குப் பின்னால் அவள் ஆபீஸ் முழுக்க.

சனி, ஞாயிறில் அந்தக் கம்பெனி ஒன்பதாம் மாடிக்கு மாறியிருந்தது. கண்ணாடி துடைப்பவனிடம் யார் சொல்வார்கள்?

"டேய், மேல தூக்குடா! ஐயோ, வேணா, கீழ எறக்கு!"

எனக்கு என்ன தோன்றியதோ, இறக்கிவிட்டேன். நான் லிஃப்டைப் பிடித்துக் கீழே ஓடி வருவதற்குள் மௌரீன் வாசலில் அவன் எதிரே நின்றிருந்தாள்.

"மேல அவ்ளோ பேசினீங்களே. உள்ள ஒண்ணும் கேக்கல. இப்ப சொல்லுங்க."

ராஜேந்திரன் ரோட்டைப் பார்த்தான். "பஸ்..." என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். மௌரீன் முந்திக்கொண்டாள். அவன் தோளைப் பிடித்து, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய கண்ணாடிச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"என்னைப் பாக்க வேணாம். அதுகிட்டயே சொல்லுங்க."

கண்ணாடியில் தெரிந்த மௌரீனைப் பார்த்து, ஒரு திக்கல் இல்லாமல் அவன் சொன்னான். "உங்களக் கட்டிக்கணும்னு ரெண்டு வருஷமா ஆசைங்க."

கண்ணாடியில் இருந்த மௌரீன் தலையசைத்தாள். "ஓசூர்க்காரங்க வர்றதுக்குள்ள எங்கப்பாகிட்டயும் சொல்லணும். எங்க வீட்டு பீரோவுலயும் கண்ணாடி இருக்கு."