பெல்ட்டில் குங்கிலியம்

“வண்டி கத்துனா, கத்துற எடத்தப் பாக்காத…” என்று தொடங்கி என் சித்தப்பா ஏதோ சொல்வார். மீதி மறந்துவிட்டது. மெக்கானிக் தொழிலுக்கு அந்தப் பாதியே போதும் என்று இப்போது தோன்றுகிறது. வளைகுடாவில் பதினான்கு வருஷம், மணல்மேட்டில் சுற்றுலாக்காரர்கள் ஓட்டும் ஏ.டி.வி. என்கிற குண்டு டயர் நாலு சக்கர வண்டிகளுக்கு பெல்ட் மாற்றினேன். நாற்பத்தேழு வயதில் நன்னிலத்துக்குத் திரும்பி, கையிலிருந்த மொத்தத்தையும் போட்டுக் கடை திறந்தேன். திரும்பிப் போக விசாவும் இல்லை. வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராயிருந்தாலும் வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

டீச்சர் ஸ்கூட்டர்

முதலில் வந்தது ஏ.டி.வி. இல்லை, ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கியர் இல்லாத ஸ்கூட்டர். உள்ளே அதே மாதிரி பெல்ட்தான். முறுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகரும். இரண்டு இடத்தில் இன்ஜினை அவிழ்த்துப் பார்த்துவிட்டார்களாம். நான் பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி, தேய்ந்து வெடித்திருந்த பெல்ட்டை டீச்சர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த ரப்பருக்காகவா நாலு மாசமா எங்க வீட்டுக்காரர் எனக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லிட்டிருந்தாரு?”

முதலாளி வண்டி

என் கடைக் கட்டடம் ஒரு ரைஸ் மில்காரருடையது. ஊரே அவரை முதலாளி என்றுதான் கூப்பிடும். வாய்க்கால் கரையில் ஓட்டி வயலைச் சுற்றிப் பார்க்க ஒரு ஏ.டி.வி. வாங்கியிருந்தார். வாங்கி ஒரு போகம்கூட ஆகவில்லை, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். “இன்ஜின் போச்சு, பிரிச்சுப் பாரு” என்றார். ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் சுத்தமாக ஓடியது. சக்கரம்தான் அசையவில்லை. ரப்பர் கருகிய வாடை மூக்கில் ஏறியது.

“முதலாளி, இன்ஜினத் தொட மாட்டேன். பெல்ட்டுதான்.”

சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “வயித்தக் கிழிக்காமலே ஆபரேஷன் பண்ற டாக்டர் நம்ம ஊருக்கு வந்திருக்காருய்யா!”

மில் வாசனை

மூடியைத் திறந்தேன். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரே இடத்தில் சுரண்டி எடுத்தாற்போல் குறுகியிருந்தது. வண்டி நிற்க, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி மட்டும் அதே இடத்தில் சுற்றித் தேய்த்ததற்கு அடையாளம் அது. ஆனால் புல்லியில் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. பாலைவனத்தில் நான் பார்க்காத சரக்கு. முகர்ந்தேன். குங்கிலியம்.

ரைஸ் மில்லில் பட்டை பெல்ட் வழுக்கினால் ஒரு பிடி குங்கிலியப் பொடி தூவுவார்கள், கவ்விக்கொள்ளும். அந்தப் புல்லிக்கு ஒரே அளவு. ஏ.டி.வி.யில் புல்லி விரிந்து சுருங்கும், பெல்ட் அதில் ஏறி இறங்க வேண்டும். பிசின் பிடித்தால் நடுவிலேயே மாட்டிக்கொண்டு வேகும். வண்டியை டிராக்டரில் இழுத்து வந்திருந்த மில் டிரைவர் ரஹீம் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“நான் வேணாம்னுதான் தம்பி சொன்னேன். முப்பது வருசமா மில்லு ஓட்டுறவனுக்கு நீ சொல்றியான்னு கேட்டுட்டு முதலாளியே கையால தூவுனாரு.”

ஒரு கையெழுத்து

புல்லிகளைப் பிசின் போகத் துடைத்தேன். பின்புல்லியை விரித்து, சுழலும் திசை காட்டும் அம்புக்குறி பார்த்துப் புது பெல்ட்டைப் போட்டேன். முதலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பெல்ட்டு கம்பெனியிலேயே மோசம்னு ரெண்டு வரி எழுதிக் குடு. வித்தவன்ட்ட நான் பேசிக்கிறேன்.”

“பெல்ட்டு நல்ல பெல்ட்டு முதலாளி.”

“நீ உக்காந்திருக்கிறது யார் கடை?”

“உங்க கடை. கையெழுத்து என்னுது.”

மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு மொழி சொல்லிக்கொடுத்தார்கள். ‘பெல்ட் கெட்டதற்குக் காரணம், குங்கிலியம் தூவியது’ என்று தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பழைய பெல்ட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி வாய்க்கால் கரைவரை போய், ஒரு சுற்றுச் சுற்றி, என் வாசலில் வந்து நிறுத்தினார். இறங்கவில்லை.

“வண்டி சும்மா பறக்குது. மாசக் கடைசிக்குள்ள கடையக் காலி பண்ணிடு.”

மாதக் கடைசிவரை காத்திருக்காமல், மில்லுக்கு நேர் எதிரே ஓர் இடம் பிடித்து, புது போர்டுக்குக் கீழே அந்தப் பழைய பெல்ட்டை ஆணியடித்து மாட்டினேன்.