படகின் முன்பலகை

டிங்கி என்னும் சிறு படகின் முன்பலகையில் அமர்ந்து, கடலை எல்லாருக்கும் முன்னதாகப் பார்க்க எனக்கு ஆசை. படகுக்காரர் விடமாட்டார். "அண்ணே, நீங்க நடுவுல. உங்க எடைக்கு முன்னால உக்காந்தா படகு மூக்கு தண்ணிக்குள்ள போயிடும்."

ரோஷத்தில் ஒரு வாரம் பப்பாளி மட்டும் தின்றேன். மறுவாரம் பரோட்டாக்கடையே கதி. பிறகு பட்டினி கிடக்கும் எண்ணத்தையே விட்டேன். தட்டில் ஒரு கரண்டிச் சோறு குறைந்து, அங்கே தண்ணீரில் வளரும் கல்மிக் கீரை வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஷாதிபூர் மேட்டை ஆட்டோ இல்லாமல் நடந்தே ஏறினேன். வயிறு கோபித்துக்கொள்ளவில்லை, அதனால் இந்தப் பழக்கம் நீடித்தது.

மழைக்காலம் முடிந்ததும் படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரே வா! முன்னால போங்கண்ணே."

அமர்ந்தேன். முதல் அலையே முகத்தில் அறைந்தது.

"அங்க ஏன் யாரும் உக்கார்றதில்லன்னு தெரியுதா?" என்று சிரித்தார்.

உப்பு சொட்டச் சொட்ட, எழுந்திருக்கவே மாட்டேன் என்றேன்.