விருந்தாளிக்காக வெடித்த ஐந்து தோட்டாக்கள்

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். அவரிடம் ஒரு குட்டை ரிவால்வர் இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும், குழலின் வாய் மட்டும் பெரிது. யானையை விரட்டச் சத்தமே போதும் என்று, காலித் தோட்டாக்களில் வெடிமருந்தை மட்டும் தானே அடைப்பார். அடைத்த ஒவ்வொன்றையும், உள்ளே மருந்து சலசலக்கிறதா என்று காதருகே ஆட்டிக் கேட்பார்.

"ஒண்ணு வெடிச்சுக் காட்டுங்கண்ணே" என்றேன். அடைத்து வைத்திருந்த ஐந்தையும் வெடிக்கவைத்துத்தான் ஓய்ந்தேன்.

அன்று சாயங்காலமே யானை வந்தது. அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். காய்த்து நின்ற செடிகளில் பாதி மிதிபட்டுப் போயின.

"மருந்து அம்புட்டுத்தான்னு சொல்லியிருக்கலாமேண்ணே?"

"வீடு தேடி வந்தவுககிட்ட அதச் சொல்லுவாகளா தம்பி? வெரசா கெளம்புங்க, ஜீப்பு போயிரும்."

நான் ஏறும்போது, காலித் தோட்டா ஒன்றைப் பழக்கத்தில் காதருகே ஆட்டிக்கொண்டிருந்தார். அதில் எந்தச் சத்தமும் இருந்திருக்காது.